புலித்தலையில் இடறும் பட்லர்: பிரிட்டிஷ் ஸ்லாப்ஸ்டிக் சிலரைச் சிரிக்கவும் சிலரை நெளியவும் வைப்பது ஏன்?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று ஜெர்மனியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே குறுநாடகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கின்றன. கறுப்பு வெள்ளைப் பதிவு, சுமார் 18 நிமிடம் ஓடும். தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு சிறிய அறிமுகம். அதன் பிறகு முழுக்க ஆங்கிலம். மிஸ் சோஃபி என்ற மூதாட்டி தமது 90ஆவது பிறந்தநாள் விருந்துக்கு நான்கு நண்பர்களை அழைத்திருக்கிறார். நால்வரும் எப்போதோ இறந்துபோனவர்கள். அவர்களுடைய நாற்காலிகள் காலியாக இருக்க, பட்லர், அதாவது வீட்டின் தலைமைப் பணியாள், ஜேம்ஸ்தான் ஒவ்வொருவர் இடத்திலும் நின்று, அவரவர் குரலில் வாழ்த்துச் சொல்லி, அவரவர் பங்கு மதுவையும் குடிக்க வேண்டும். நான்கு விருந்தாளிகள், நான்கு வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மது. ஆக 16 கோப்பை. (முதல் வகை மல்லிகட்டானி சூப். நம் மிளகுத் தண்ணீரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிக்கொண்ட அதே சூப்.) தரையில் ஒரு புலித்தோல் கிடக்கிறது. அதன் தலை நடைவழியில் துருத்திக்கொண்டிருக்கிறது. பரிமாறப் போகும்போதும் திரும்பும்போதும் ஜேம்ஸ் அந்தத் தலையில் இடறுகிறார். ஒருமுறை இருமுறை அன்று, 11 முறை.

'டின்னர் ஃபார் ஒன்' என்ற இந்த நாடகத்தை எழுதியவர் லாரி வைலி என்ற ஆங்கிலேயர். நடித்த ஃப்ரெடி ஃப்ரிண்டன், மே வார்டன் இருவரும் ஆங்கிலேயர்களே. பிளாக்பூல் கடற்கரை நகரத்து மேடையில் இதைப் பார்த்த ஒரு ஜெர்மன் தொலைக்காட்சிக் கலைஞர் இருவரையும் அழைத்துப்போக, 1963இல் ஹாம்பர்க்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவு செய்தார்கள். ஜெர்மனியோடு டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, எஸ்தோனியா என்று வட ஐரோப்பா முழுவதும் இது ஆண்டுக் கடைசிச் சடங்காகவே ஆகிவிட்டது. பிரிட்டனிலோ இதை அறிந்தவர்கள் குறைவு. அங்கே முதன்முதலில் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது 2018 டிசம்பர் 31 அன்றுதான். அதுவும் ஒரு கட்டணக் கலை அலைவரிசையில்.

பிரிட்டிஷ் நகைச்சுவையை ரசிக்க பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்ற வழக்கமான விளக்கம் இந்த ஒரு நாடகத்தின் முன்னால் நிற்காது. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் நிற்காது. அறிவாளிகளுக்கு விழுந்து எழுவது பிடிக்காது, பாமரர்களுக்குத்தான் பிடிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு கோபத்தையே தருகிறது. விழுவது, இடித்துக்கொள்வது, அடி வாங்குவது ஆகியவற்றால் ஆன இந்த ஸ்லாப்ஸ்டிக் கலை பார்வையாளரிடம் ஒரு குறிப்பிட்ட மனநிலையைக் கேட்கிறது. அந்த மனநிலை சிலருக்கு உடனே வாய்க்கிறது, சிலருக்கு வாய்ப்பதே இல்லை. அதன் காரணங்கள் மூளையின் கூர்மையோடு தொடர்புடையவை அல்ல.

முதலில், ஜேம்ஸ் எதனால் வேடிக்கையாகிறார் என்று நெருங்கிப் பார்ப்போம். முதல் இடறல் வெறும் விபத்து. இரண்டாவது இடறலில் நமக்குப் புலி தெரிந்துவிடுகிறது. நான்காவது ஐந்தாவது முறை வரும்போது அவர் பக்கமேசையிலிருந்து கிளம்பும்போதே அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. சிரிப்பு இடறலுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அப்படி எல்லோரும் காத்திருக்கும்போது ஒருமுறை இடறாமலே கடந்து போகிறார். போனவர் நின்று, திரும்பி, புலித்தலையைத் திகைப்போடு பார்க்கிறார். இன்னொரு முறை அதைத் தாண்டிக் குதிக்கிறார். நாம் எதிர்பார்ப்பதைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார் ஃப்ரிண்டன். அதைவிட முக்கியமானது இன்னொன்று. இத்தனை கோப்பைக்குப் பிறகும் ஜேம்ஸ் பட்லராக இருப்பதை நிறுத்துவதே இல்லை. நாக்கு குழறுகிறது, மது மேசைவிரிப்பில் கொட்டுகிறது, பூச்சாடித் தண்ணீரையே எடுத்துக் குடிக்கிறார், ஆனாலும் ஒவ்வொரு வகை உணவுக்கும் முன்னால் "போன ஆண்டைப் போலவேதானா, மிஸ் சோஃபி?" என்று பணிவாகக் கேட்கத் தவறுவதில்லை. "ஒவ்வோர் ஆண்டையும் போலவே, ஜேம்ஸ்" என்று அந்த அம்மையாரும் மாறாத கண்ணியத்தோடு பதில் சொல்கிறார்.

பிரிட்டிஷ் ஸ்லாப்ஸ்டிக்கின் உயிர்நிலை இதுதான் என்று நினைக்கிறேன். விழுகிற உடலைவிட, விழும்போதும் கௌரவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதன்தான் அங்கே வேடிக்கை. அமெரிக்க மௌனப் படங்களில் சிரிப்பு பெரும்பாலும் வேகத்திலிருந்தும் இயந்திரங்களிலிருந்தும் வரும். ரயில் துரத்தும், வீட்டுச் சுவர் சரியும். பிரிட்டிஷ் பாணியில் ஒருவர் நல்ல சபையில், நல்ல உடையில், நாலு பேர் பார்க்கும்படி, ஒழுங்காக நடந்துகொள்ள முயன்றுகொண்டிருப்பார். உடல் அவருக்கு ஒத்துழைக்காது. அவமானம் கூடவே வரும். சிலருக்கு இந்தச் சிரிப்பு தாங்க முடியாமல் போவதும் இந்த அவமானத்தால்தான்.

சட்டம் வாயைக் கட்டியபோது

இந்தப் பாணி பிரிட்டனில் இவ்வளவு தேர்ச்சியோடு வளர்ந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். மேடைகளில் தம்மைக் கிண்டல் செய்தவர்களை அடக்க நினைத்த பிரதமர் ராபர்ட் வால்போலின் காலத்தில், 1737இல், நாடக உரிமச் சட்டம் வந்தது. லண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளின் கைக்குள் அடங்கியது. மற்ற அரங்குகள் பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, மௌன நடிப்பு ஆகியவற்றை வைத்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. 1843இல் சட்டம் தளர்த்தப்படும் வரை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்தது. பேச முடியாத மேடைகளில் உடல்தான் பேசியாக வேண்டும். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்தான் ஜோசஃப் கிரிமால்டி. 1778இல் பிறந்து, சாட்லர்ஸ் வெல்ஸ் போன்ற அரங்குகளில் சிறுவயதிலிருந்தே மேடையேறியவர். வெள்ளை பூசிய முகமும் சிவந்த கன்னமும் கொண்ட கோமாளி வேடத்துக்கு அவர்தான் முன்னோடி. இன்றும் ஆங்கிலத்தில் கோமாளிகளை அவர் பெயரால் 'ஜோயி' என்று அழைக்கிறார்கள்.

பிறகு பாட்டும் வேடிக்கையும் கலந்து நிகழ்ச்சி நடத்தும் இசைக்கூடங்கள் (மியூசிக் ஹால்) வந்தன. முழு வசன நாடகம் போட அவற்றுக்கும் உரிமம் இல்லை. எனவே ஃப்ரெட் கார்னோ என்பவர் பேச்சு அதிகம் தேவைப்படாத குறும்படைப்புகளைக் கொண்டு ஒரு குழுவை உருவாக்கினார். அவற்றில் புகழ்பெற்ற ஒன்றில், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடிகாரக் கனவான் மேடையில் நடப்பதையெல்லாம் கெடுத்துக்கொண்டே இருப்பான். நல்ல கோட்டு, நல்ல தொப்பி, நிற்க முடியாத கால்கள். அந்த வேடத்தில் நடித்த இளைஞர் சார்லி சாப்ளின். 1910இல் கார்னோ குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது சாப்ளினோடு ஸ்டான் லாரலும் அதில் இருந்தார். ஹாலிவுட்டின் மௌனப்படச் சிரிப்புக்கு லண்டன் இசைக்கூடங்கள் கொடுத்த சீதனம் இது. சாப்ளினின் நாடோடி கிழிந்த உடையோடு விழுந்து எழுந்தாலும் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்யத் தவறாததை நினைத்துப் பார்த்தால், ஜேம்ஸ் அவருடைய பங்காளி என்பது விளங்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டிஷ் குடும்பங்கள் குழந்தைகளோடு பாண்டமைம் என்ற கலகலப்பான நாடகத்துக்குப் போகும் வழக்கம் இன்றும் உண்டு. பசையும் நுரையும் முகத்தில் அப்பப்படும், ஆண்கள் கிழவி வேடம் கட்டுவார்கள், "உனக்குப் பின்னால்தான் இருக்கிறான்!" என்று அரங்கமே கூச்சலிட்டு மேடையில் இருப்பவரை எச்சரிக்கும். கடற்கரை ஊர்களில் 'பஞ்ச் அண்டு ஜூடி' பொம்மலாட்டத்தில் பஞ்ச் தடியால் எல்லோரையும் மொத்துவான். லண்டன்காரர் சாமுவேல் பெப்பிஸ் தம் புகழ்பெற்ற நாட்குறிப்பில் 1662இலேயே பஞ்ச் பொம்மை ஆட்டத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐந்து வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து இவற்றைப் பார்த்தவர்களுக்கு ஒரு விதி பழகிவிடுகிறது: இங்கே அடி வாங்கியவருக்கு வலிக்காது, அவர் மறுபடி எழுந்து வருவார், சிரிப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. இந்த விதி பழகாதவர்கள் பெரியவர்களான பிறகு முதன்முதலாக ஒரு மனிதன் மண்டையில் சட்டியால் அடிபடுவதைப் பார்த்தால், அவர்களுக்குத் தெரிவது அடிபட்ட மனிதன் மட்டும்தான்.

மற்றவர் கூச்சம் நம்மைத் தொற்றும்போது

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, சிரிக்க வேண்டுமென்றால் இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பரிதாபம் வந்துவிட்டால் சிரிப்பு வராது. எல்லோருடைய இதயமும் ஒரே வேகத்தில் மரத்துப்போவதில்லை என்பதுதான் நம் கேள்விக்கான பதிலில் பாதி.

2011இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பொது இடத்தில் ஒருவர் அசிங்கப்படும் சூழ்நிலைகளை மற்றவர்களுக்குக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். மற்றவர் உடல்வலியைப் பார்க்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், மற்றவர் அவமானத்தைப் பார்க்கும்போதும் இயங்கின. பிறர் உணர்வில் எளிதாகக் கலந்துவிடும் இயல்புள்ளவர்களுக்கு இந்தக் கூச்சமும் அதிகம். என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு முடிவு: அசிங்கப்படும் ஆள் அதை உணரவே இல்லை என்றாலும், பார்ப்பவருக்குக் கூச்சம் வரும்.

'மிஸ்டர் பீன்' தொடரைப் பார்க்க முடியாமல் தவிப்பவர்களின் நிலைமை இதுதான். 1990 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே பீன் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறான். பாட்டுப்புத்தகம் அவனிடம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கனவான் தம்முடையதைக் காட்ட விரும்பவில்லை. பாட்டு முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, தெரிந்த ஒரே சொல்லான 'அல்லேலூயா' வரும்போதெல்லாம் தொண்டை கிழியப் பாடுகிறான். தும்மல் வருகிறது, கைக்குட்டை இல்லை, சட்டைப்பையின் உள்துணியை வெளியே இழுத்துத் துடைத்துக்கொள்கிறான். தூக்கம் வருகிறது, தூங்கித் தூங்கி இருக்கையிலிருந்து மெல்லத் தரைக்கே சரிந்துவிடுகிறான். ரோவன் அட்கின்சனின் முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை. பிடிபடக் கூடாது என்ற கவலை மட்டும்தான் தெரிகிறது. ஆக, அந்த வெட்கம் போக இடமில்லாமல் பார்ப்பவரிடம் வந்து சேர்கிறது.

எனக்கு அந்தக் காட்சி அலுக்கவே அலுக்காது. என் அக்காவோ பீன் வந்தாலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். "அந்த மனுஷனை யாராவது கூப்பிட்டு உட்கார வைக்கக் கூடாதா?" என்பார். அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பவரே அவர்தான். பீன் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் பக்கத்து இருக்கைக் கனவானின் இடத்தில் இருந்து பார்க்கிறேன். அக்கா பீனின் இடத்தில் இருந்து பார்க்கிறார்.

அதே அக்கா 'ஒன்லி ஃபூல்ஸ் அண்டு ஹார்சஸ்' தொடரில் டெல் பாய் மதுக்கூடத்தில் விழும் காட்சியைப் பார்த்துக் கண்ணில் நீர்வரச் சிரித்தார். 1989 ஜனவரியில் ஒளிபரப்பான அந்தக் காட்சி, பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த சிரிப்புக் காட்சிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முன்வரிசையில் வருவது. தென் லண்டன் சந்தைக்காரன் டெல், பங்குச்சந்தை இளைஞர்களைப் போல உடுத்திக்கொண்டு நாகரிகமான ஒரு மதுக்கூடத்தில் நிற்கிறான். அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நண்பன் ட்ரிகருக்கு அறிவுரை சொல்கிறான். முகப்பு மேசையின் மடக்குப் பலகையை ஊழியர் தூக்கிவிட்டுப் போனதை டெல் கவனிக்கவில்லை. இல்லாத பலகையின் மேல் ஒயிலாகச் சாய்கிறான். கையை ஊன்றவில்லை, காலை மாற்றி வைக்கவில்லை, முகம்கூடத் திரும்பவில்லை. வெட்டிய மரம்போல அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து காணாமல் போகிறான். ட்ரிகர் திரும்பிப் பார்த்து, ஆளைக் காணாமல் விழிக்கிறான்.

கதாசிரியர் ஜான் சல்லிவன் ஒரு மதுக்கூடத்தில் நேரில் பார்த்த சம்பவத்திலிருந்து இதை எழுதினார். அந்த உண்மைச் சம்பவத்தில் அந்த ஆள் தடுமாறிச் சமாளித்துக்கொண்டான். முழுக்க விழுந்தால்தான் எடுபடும் என்று வற்புறுத்தியவர் நடிகர் டேவிட் ஜேசன். விழப்போகிறோம் என்று உடலுக்குத் தெரிந்தால் கை தானாக நீளும், தலை திரும்பும்; அந்த இயல்பான பதற்றத்தை அடக்கித்தான் அவர் விழுந்தார். விழப்போவது தெரியாத மனிதன் எப்படி விழுவானோ அப்படி. பல ஆண்டு மேடைப் பயிற்சி இல்லாத ஒருவரால் இதைச் செய்ய முடியாது. ஸ்லாப்ஸ்டிக்கை 'மலிவான சிரிப்பு' என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சில நொடிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும்.

என் அக்காவுக்கு பீன் பிடிக்காமல் டெல் பாய் பிடித்ததற்குக் காரணம் காலம் என்று தோன்றுகிறது. டெல்லின் அவமானம் இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது; எழுந்தவன் வீறாப்போடு கிளம்பிவிடுகிறான். பீனின் அவமானம் பத்து நிமிடம் நீள்கிறது. அதோடு, டெல் மிடுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். விழுந்ததில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. தும்மல் வந்தவன் மேல் என்ன தப்பு? 'எனக்கு ஸ்லாப்ஸ்டிக் பிடிக்காது' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது நீளமாக இழுக்கப்படும் அவமானம்தான். அதைத் தனியே பிரித்துக் காட்டினால் அவர்களும் சிரிக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

எதைக் கண்டு சிரிக்கக் கூடாது என்ற பெருமை

அடுத்த காரணம் மனத்தைவிடச் சமூகத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் சாம் ஃப்ரீட்மன் எடின்பரோ கலைவிழாவுக்கு வந்தவர்களிடம் அவர்கள் விரும்பும், வெறுக்கும் நகைச்சுவையாளர்களைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்தார். படிப்பிலும் கலைப் பழக்கத்திலும் மேல்தட்டில் இருந்தவர்கள், வெறும் சிரிப்பு போதாது, சிந்திக்கவும் வைக்க வேண்டும் என்றார்கள். சுலபமாக வரும் சிரிப்பைச் சந்தேகித்தார்கள். மற்றவர்கள், மனம் லேசாகும்படி சிரித்தால் போதும் என்றார்கள். எதைப் பிடிக்கும் என்பதைவிட எது பிடிக்காது என்பதை வைத்துத் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளும் போக்கும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. வர்க்க உணர்வு ஊறிய நாட்டில், விழுகிற மனிதனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பது தன்னை ஒரு படி கீழே இறக்கிவிடும் என்ற பயம் இருக்கத்தான் செய்யும்.

'மிஸஸ் பிரவுன்ஸ் பாய்ஸ்' தொடருக்கு நடந்தது இதற்கு நல்ல சான்று. அயர்லாந்தின் பிரெண்டன் ஓ'கரோல் கிழவி வேடமிட்டு நடிக்கும் இந்தத் தொடரை 2011இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கியபோது, பத்திரிகை விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். மக்களோ கிறிஸ்துமஸ் இரவுகளில் அதைத்தான் பார்த்தார்கள். 2016இல் 'ரேடியோ டைம்ஸ்' நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், 21ஆம் நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் சூழல் நகைச்சுவைத் தொடராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. எனக்கு அந்தத் தொடர் அவ்வளவாகப் பிடிக்காது, கூச்சல் அதிகம். ஆனால் அதைப் பார்ப்பவர்களை ஏளனம் செய்து எழுதப்பட்ட விமர்சனங்கள் அதைவிடப் பிடிக்கவில்லை.

அடி யார் மேல் விழுகிறது

பிடிக்காததற்கு முற்றிலும் நியாயமான காரணமும் உண்டு. மேலே இருப்பவன் விழுந்தால் வரும் சிரிப்பு வேறு, ஏற்கெனவே கீழே இருப்பவனை மிதித்தால் வரும் சிரிப்பு வேறு. 1975லும் 1979லும் வெறும் 12 பகுதிகளே வெளிவந்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் டார்க்கீ நகரத்து ஓட்டல் முதலாளி பேசில் ஃபால்ட்டியாக ஜான் கிளீஸ் நடித்தார். கிளம்ப மறுக்கும் காரை, மரக்கிளையை ஒடித்து வந்து அவர் விளாசும் காட்சி மாசற்ற சிரிப்பு. அதில் அவமானப்படுவது ஆத்திரக்காரப் பேசில் மட்டுமே. ஆனால் பார்சலோனாவிலிருந்து வந்த, ஆங்கிலம் சரியாகப் புரியாத பணியாள் மானுவல் தலையில் விழும் அடிகளை எல்லோராலும் அப்படிப் பார்க்க முடிவதில்லை. பிழைப்புக்காக அயல்நாட்டில் வேலை செய்து, மொழி தெரியாததற்காக வசை கேட்டவர்கள் அங்கே தங்களைப் பார்ப்பார்கள். தொடர் ஸ்பெயினுக்குப் போனபோது மானுவலை இத்தாலியனாக மாற்றிக் குரல் கொடுத்தார்கள் என்பதே எல்லாவற்றையும் சொல்கிறது. மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸுக்குப் படப்பிடிப்பில் உண்மையிலேயே பலத்த அடி பட்டதும், இன்னொரு காட்சியில் ரசாயனத்தால் தோல் வெந்ததும் பின்னாளில் தெரியவந்தன. ஃபால்ட்டி டவர்ஸை மிகவும் நேசிக்கும் எனக்கும், அது தெரிந்த பிறகு சில காட்சிகளில் சிரிப்பு வருவதில்லை.

பென்னி ஹில்லின் கதையும் இதே பாதையில் போனது. அவருடைய நிகழ்ச்சி 1969 முதல் 1989 வரை தேம்ஸ் தொலைக்காட்சியில் ஓடியது. அமெரிக்கா, பிரான்ஸ் என்று உலகமெங்கும் விற்றது. வேகமாக ஓட்டிய படத்தில் எல்லோரும் அவரைத் துரத்தும் கடைசிக் காட்சியும் அதன் சாக்ஸஃபோன் இசையும் தெரியாதவர்கள் குறைவு. 1980களில் பிரிட்டனில் ரசனை மாறியது. அரைகுறை ஆடைப் பெண்களை வைத்துச் செய்யும் வேடிக்கை பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1989இல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் உடலசைவின் நுட்பத்தை மறுக்க முடியாது. அந்த எதிர்ப்பின் நியாயத்தையும் மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் நார்மன் விஸ்டம் இருக்கிறார். சின்னக் கோட்டும் கோணல் தொப்பியுமாக முதலாளிகளிடம் மாட்டிக்கொண்டு விழும் குட்டை மனிதர். 1953 முதல் பிரிட்டனில் அவர் படங்கள் ஓடின, பிறகு பழையதாகிவிட்டன. ஆனால் என்வர் ஹோஜாவின் கம்யூனிச ஆட்சியில் இருந்த அல்பேனியாவில், அனுமதிக்கப்பட்ட மிகச் சில மேற்கத்தியப் படங்களில் அவருடையவையும் அடக்கம். முதலாளியைத் திணறடிக்கும் தொழிலாளியாக ஆட்சியாளர்கள் அவரைப் பார்த்தார்கள். மக்களுக்கோ சிரிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. 1995இல் அவர் அங்கே போனபோது கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர் விழும்போது யாருக்குச் சார்பாக விழுகிறார் என்பது அந்த மக்களுக்குத் தெளிவாக இருந்தது.

தனியே பார்ப்பதும் கூடிப் பார்ப்பதும்

இன்று பலருக்கு இந்தக் காட்சிகள் எடுபடாததற்கு, பார்க்கும் முறையும் ஒரு காரணம். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். ஸ்லாப்ஸ்டிக் கட்டப்பட்டதே கூட்டத்துக்காக. லாரல், ஹார்டி படங்களை முன்னோட்டமாகத் திரையிட்டு, மக்கள் எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சிரிப்பு அடங்கும் வரை இடைவெளி விட்டுத் தொகுத்தார்கள். ஹார்டி கேமராவைப் பார்த்து நீளமாக விழிக்கும் அந்த நொடிகள், முழு அரங்கும் சிரித்து ஓய்வதற்கு விட்ட இடம். ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு அதே படத்தைப் பார்ப்பவருக்கு அந்த இடங்கள் காலியாகத் தெரிகின்றன. 'மெதுவாகப் போகிறது' என்று அணைத்துவிடுகிறார்.

ஜெர்மானியர்களின் டிசம்பர் 31 வழக்கம் இந்தக் குறையை இயல்பாகவே சரிசெய்துவிடுகிறது. பாட்டியும் பேரனும் கூடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். பேரனுக்குப் புலி புதிது, பாட்டிக்குப் பேரன் சிரிப்பது புதிது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு இது திருவிழா. எதிர்பாராத திருப்பத்தில் மட்டுமே சிரிப்பு வரும் இயல்புள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்றாவது இடறலிலேயே கொட்டாவி வந்துவிடும். இதில் சரி தவறு இல்லை.

அரங்கத்தின் பலத்தை நன்றாக உணர்ந்து இக்காலத்தில் உருவான படைப்பு 'தி ப்ளே தட் கோஸ் ராங்'. ஹென்றி லூயிஸ், ஜோனதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் மூவரும் எழுதி, 2012இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் இருந்த சிறு அரங்கில் தொடங்கினார்கள். 2014இல் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்குப் போனது, 2015இல் சிறந்த புதிய நகைச்சுவை நாடகத்துக்கான ஒலிவியே விருது பெற்றது, 2017இல் நியூயார்க்கின் பிராட்வேயை எட்டியது. கதை எளியது. கத்துக்குட்டி நாடகக் குழு ஒன்று கொலைமர்ம நாடகம் போடுகிறது. கதவு திறக்கவில்லை, பிணமாகக் கிடப்பவர் நகர்கிறார், சுவர்மேல் மாட்டிய பொருள்கள் கழன்று விழுகின்றன, கடைசியில் அரங்க அமைப்பே இடிகிறது. நடிகர்கள் மட்டும் வசனத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜேம்ஸ் பிடித்த அதே பிடிவாதம்தான். ஆனால் பீனைப் பார்க்க முடியாமல் எழுந்துபோகிறவர்களும் இங்கே உட்கார்ந்து சிரிப்பதற்கு வழி இருக்கிறது. அவமானம் ஒரே ஆள் தலையில் ஏறாமல் குழு முழுவதற்கும் பங்கிடப்படுகிறது. மிதிபடும் பணியாளோ அயல்நாட்டவரோ யாரும் கதையில் இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் முன்னால் அது வரப்போவதைப் பார்வையாளருக்குக் காட்டிவிடுகிறார்கள். அதனால் பதற்றத்துக்குப் பதில் ஆவல் கூடுகிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கானோர் சிரிக்கிறார்கள். ஸ்லாப்ஸ்டிக் தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கைப்பேசியில் பீன் துணுக்கை அனுப்புவதை நிறுத்திவிட்டு, வாய்ப்புக் கிடைக்கும் ஊரில் இந்த நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்குங்கள். டிக்கெட் எட்டாத தூரம் என்றால், வீட்டில் நாலு பேராவது கூடியிருக்கும் நேரம் பார்த்து டெல் பாயிடமிருந்து தொடங்குங்கள்.